கல்கிசையில் தேடப்பட்ட 'பயங்கரவாதிகள்': அர்சாவின் கதை

2017 செப்டம்பர் 26ஆம் திகதி, பிக்குமார் சிலரின் தலைமையில் வந்த கும்பலொன்று கல்கிசையில் ஒரு வீட்டைச் சூழ்ந்துகொண்டது. உள்ளே இருந்தவர்கள் 31 ரோஹிங்கியா அகதிகள். அவர்களில் 16 பேர் பிள்ளைகள். "பயங்கரவாதிகள்" என்று கூச்சலிட்டார்கள்.

அந்நாட்களில் உலகச் செய்திகளில் அடிபட்ட பெயர் அர்சா. அரக்கானுக்கு ஆயுதக் கிளர்ச்சி புதிதல்ல. 1948இல் கிளர்ந்த முஜாஹித்கள் 1961இல் சரணடைந்தனர், 1982இல் ரோஹிங்கியா ஒருமைப்பாட்டு அமைப்பு தோன்றியது. அர்சாவோ 2012 கலவரங்களுக்குப் பின் உருவானது. தலைவர் அதாவுல்லாஹ் கராச்சியில் பிறந்து சவூதியில் வளர்ந்தவர். 2016 ஒக்டோபர் 9இல் எல்லைப் பொலிஸ் நிலையங்களைத் தாக்கினார்கள். 2017 ஆகஸ்ட் 25இல் சுமார் 30 நிலையங்கள். பலர் கையில் கத்தியும் தடியும்தான். இராணுவத்தின் பதிலடியில் 7 இலட்சம் பேர் பங்களாதேஷுக்கு ஓடினார்கள்.

நாம் மறைக்கக் கூடாததும் உண்டு. அதே நாட்களில் அர்சா இந்துக் கிராமத்தவர்களைக் கொன்றதாக சர்வதேச மன்னிப்புச் சபை 2018இல் அறிக்கையிட்டது. 2021இல் முகாமில் சுடப்பட்ட ரோஹிங்கியாத் தலைவர் முஹிபுல்லாஹ்வின் கொலையிலும் பங்களாதேஷ் பொலிஸார் அர்சாவினரையே குற்றஞ்சாட்டினர். அதாவுல்லாஹ் 2025 மார்ச்சில் அங்கேயே கைதானார்.

கல்கிசை அகதிகளை நமது கடற்படை கடலில் மீட்டது 2017 ஏப்ரலில். ஆகஸ்ட் தாக்குதலுக்கு ஏறக்குறைய நான்கு மாதங்கள் முன்பு. கும்பல் வந்த பின் அவர்களைப் பூஸாவுக்குக் கொண்டுபோனார்கள்.