முட்டைக்கு விலை வைத்த மனிதர்

பொத்தேரி ஸ்டேஷனில் இறங்கி ஜி.எஸ்.டி ரோட்டுப் பக்கம் வரும் மாணவர் கூட்டத்தில் பலருக்கு இரவுச் சாப்பாட்டைக் காப்பாற்றுவது முட்டைதான். மெஸ் சாப்பாடு பிடிக்காத அன்று ஒரு ஆம்லெட், ஒரு கலக்கி, கையில் கொஞ்சம் காசு இருந்தால் முட்டை பரோட்டா. தமிழ்நாட்டுக் கடைகளுக்கு வரும் முட்டையில் பெரும்பகுதி நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் இருந்து லாரி ஏறி வருவது. "நாமக்கல் மண்டலத்தில் முட்டை விலை 10 காசு உயர்வு" என்று பேப்பரில் ஒரு மூலையில் செய்தி வரும். பார்த்திருப்பீர்கள்.

அந்த விலையை யார் சொல்வது? அரசாங்கம் இல்லை. முட்டை வியாபாரிகளும் இல்லை. கோழி வளர்ப்பவர்களே கூடிப் பேசிச் சொல்லும் விலை அது. அப்படி ஒரு வழக்கம் இந்தியாவில் உருவாக முக்கியக் காரணமாக இருந்தவர் பண்டா வாசுதேவ ராவ். சுருக்கமாக பி.வி.ராவ். இந்தியக் கோழி வளர்ப்பின் தந்தை என்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். தினமும் முட்டை சாப்பிடும் நம்மில் பலருக்கு அவர் பெயர் தெரியாது!

ராவ் 1935ல் பிறந்தவர். தெலுங்குக்காரர். பரம்பரைப் பணக்காரர் அல்ல. சிறிய அளவில் கோழி வளர்ப்பில் இறங்கியவர். மனைவி உத்தராதேவி தொடக்கம் முதல் உடன் நின்றார். 1971ல் வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் என்ற குஞ்சு பொரிப்பகத்தைத் தொடங்கினார். பின்னால் புனேயைத் தலைமையிடமாகக் கொண்டு பெரிய குழுமமாக வளர்ந்தது அது. இன்றைக்குக் கடைகளில் பார்க்கும் 'வெங்கீஸ்' அதன் பிராண்டுதான்.

அந்தக் காலத்தில் முட்டை என்றால் என்ன நிலைமை? 1950-51ல் இந்தியாவின் மொத்த முட்டை உற்பத்தி 183 கோடி. தலைக்குக் கணக்குப் போட்டால் வருடத்துக்கு 5 முட்டை! உடம்பு சரியில்லாதவருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் கொடுக்கும் பொருளாகத்தான் பல வீடுகளில் முட்டை இருந்தது. நாட்டுக்கோழி வருடத்துக்கு 60, 80 முட்டை இடும். நடுவில் அடைக்கு உட்கார்ந்துவிட்டால் முட்டை நின்றுவிடும். கொல்லையில் குப்பையைக் கிளறித் தானே தீனி தேடிக்கொள்ளும் கோழிக்கு அது போதும். தீவனத்தைக் காசு கொடுத்து வாங்கிப் போடும் பண்ணைக்கு அது கட்டாது.

அதிகம் முட்டையிடும் வெளிநாட்டு இனங்களின் குஞ்சுகளைக் கொண்டுவந்து வளர்ப்பது ஒரு வழி. ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பண்ணையில் முட்டையிடும் கோழி ஒரு கலப்பினம். தனித்தனியாகப் பல தலைமுறை தேர்ந்தெடுத்து வளர்த்த தூய வம்சங்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கொள்ளுப்பாட்டி, பாட்டி, தாய் என்று படிப்படியாக இறங்கி வந்தால்தான் அந்தக் கோழி கிடைக்கும். அதன் முட்டையைப் பொரிக்க வைத்து அடுத்த தலைமுறையை எடுத்தால் அந்த வீரியம் அப்படியே வராது. அதனால் ஒவ்வொரு முறையும் குஞ்சு வாங்கியே ஆக வேண்டும். தூய வம்சம் யாரிடம் இருக்கிறதோ அவர் கையில்தான் தொழிலின் சாவி.

அந்தச் சாவி முழுக்க வெளிநாட்டில் இருக்கக்கூடாது என்று நினைத்தார் ராவ். அமெரிக்காவின் பாப்காக் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து தூய வம்சங்களையே இங்கே கொண்டுவந்து, இந்திய வெயிலுக்கும் தீவனத்துக்கும் ஏற்றபடி தேர்ந்தெடுத்து வளர்க்க ஏற்பாடு செய்தார். அப்படி வந்ததுதான் பி.வி.300 என்ற வெள்ளை முட்டைக்கோழி.  கறிக்கோழியில் காப் நிறுவனத்தோடு சேர்ந்து 'வென்காப்' வந்தது. தடுப்பு மருந்து, தீவனம், பண்ணை நடத்தப் பயிற்சி என்று தொழிலுக்கு வேண்டிய ஒவ்வொன்றையும் குழுமம் கையில் எடுத்தது.

இதோடு நின்றிருந்தால் ராவ் கெட்டிக்காரத் தொழிலதிபர், அவ்வளவுதான். ஆனால் நல்ல கோழி வந்ததால் ஒரு புதுப் பிரச்சினையும் வந்தது. முட்டை பெருகியது. பெருகியதும் விலை விழுந்தது.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நெல் விலை இறங்கினால் கொஞ்ச நாள் குதிரில் வைத்துப் பார்க்கலாம். முட்டையை வைக்க முடியாது. விலை இல்லை என்று கோழி முட்டையிடுவதையும் நிறுத்தாது, தீவனம் தின்பதையும் நிறுத்தாது. ஒரு முட்டைக்கோழி நாளுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். பத்தாயிரம் கோழி என்றால் ஒரு நாளைக்கே ஒரு டன்னுக்கு மேல். ஆகவே நகரத்து வியாபாரி என்ன விலை சொன்னாலும் பண்ணைக்காரர் கொடுத்துவிட வேண்டியதுதான். 1980களின் தொடக்கத்தில் உற்பத்திச் செலவுக்கும் கீழே விலை போய், ஏராளமான சிறு பண்ணைகள் மூடப்பட்டன.

குஞ்சு விற்பவருக்கு இதில் என்ன என்று ராவ் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. (பண்ணை மூடினால் குஞ்சு வாங்க ஆள் ஏது என்ற கணக்கும் அதில் உண்டு. அதில் தப்பில்லை.) ஊர் ஊராகப் போய் 300க்கும் மேற்பட்ட கூட்டங்களில் பண்ணையாளர்களைத் திரட்டினார். 1982ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, அதாவது என்.இ.சி.சி உருவானது. 'என் முட்டை, என் விலை, என் வாழ்க்கை' என்பது அதன் முழக்கம்.

குழு செய்தது எளிமையான காரியம். மண்டலம் மண்டலமாகப் பண்ணையாளர்கள் கூடி, கையில் எவ்வளவு இருப்பு, எங்கே எவ்வளவு தேவை, பக்கத்து மண்டலத்தில் என்ன விலை என்று பார்த்து ஒரு விலையை அறிவித்தார்கள். அதற்குச் சட்ட பலம் கிடையாது. எல்லோரும் அதே விலையைக் கேட்டால் அதுவே பலம். முட்டை தேங்கினால் வாங்கிக் குளிர்பதனக் கிடங்கில் வைத்தார்கள். மறுபக்கம் தேவையைக் கூட்ட விளம்பரம். ஞாயிறோ திங்களோ தினம் முட்டை சாப்பிடுங்கள் என்று தூர்தர்ஷனில் வந்த இந்தி விளம்பரம் இவர்களுடையதுதான்.

அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்த நாமக்கல் (1997ல்தான் தனி மாவட்டம்) இந்த அலையில் எழுந்த ஊர்களில் முக்கியமானது. அதே 1982ல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தது. 1989ல் கலைஞர் ஆட்சியில் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 2010ல் அது வாரத்துக்கு ஐந்தானது. இந்தத் திட்டத்தை ராவ் போடவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் முட்டை கொடுக்கலாம் என்று ஒரு மாநில அரசு நினைக்கவே, முட்டை அவ்வளவு மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்க வேண்டும் அல்லவா?

1990ல் ராவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவின் முட்டை உற்பத்தி 2,110 கோடி, தலைக்கு 25. உலகக் கோழியின மாநாடு 1996 செப்டம்பரில் டெல்லியில் நடப்பதாக இருந்தது. இந்தியக் கோழித் தொழிலை உலகமே வந்து பார்க்கப்போகும் நேரம். ஆனால் அந்த ஆண்டு ஜனவரியிலேயே ராவ் காலமானார். வயது 60. மாநாடு அவர் இல்லாமல் நடந்தது. குழுமத்தின் பொறுப்பு மகள் அனுராதா தேசாயிடம் வந்தது.

எல்லாமே சுபம் என்று முடித்துவிட முடியாது. 18ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ராபர்ட் பேக்வெல் என்ற கால்நடை வளர்ப்பாளர் இருந்தார். நவீன இனவிருத்தியின் முன்னோடி. தன் உயர்ந்த கிடாக்களை விற்காமல் பருவத்துக்கு வாடகைக்கு விடுவாராம்! வம்சம் கைவிட்டுப் போகக்கூடாது என்பதுதான் காரணம். ராவின் தொழிலிலும் அதே தர்க்கம் உண்டு. வெளிநாட்டில் இருந்த சாவி இந்தியாவுக்கு வந்தது. பண்ணைக்காரர் கைக்கு வரவில்லை. இன்றும் அவர் குஞ்சு வாங்கித்தான் ஆகவேண்டும். முட்டையிடாத சேவல் குஞ்சுகளைப் பொரித்த அன்றே அழிப்பதும், கம்பிக் கூண்டு வாழ்க்கையும் இந்த மலிவு விலைக்குள் ஒளிந்திருக்கும் செலவுகள். குழு சொன்ன விலைக்குக் கீழே வியாபாரிகள் 'மைனஸ்' போட்டு வாங்குவதாக நாமக்கல்லில் அடிக்கடி புகார் எழும். 2006ல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தபோது நாமக்கல்லிலும் விலை சரிந்தது. பயத்துக்கு முன்னால் எந்தக் குழுவின் விலையும் நிற்காது.

ஆனாலும் ஒரு விஷயத்தை அவரிடம் கற்றுக்கொள்ளலாம். விளைச்சலைப் பெருக்கியவர்கள் நம் நாட்டில் நிறைய. பெருகிய விளைச்சல் விவசாயியையே கவிழ்க்கும் என்பதைப் பார்த்து, அதற்கும் வழி தேடியவர்கள் குறைவு. தக்காளியை ரோட்டில் கொட்டும் செய்தி வருடா வருடம் வருகிறது. தக்காளிக்கு ஒரு பி.வி.ராவ் இன்னும் வரவில்லை.

2022-23ல் இந்தியாவின் உற்பத்தி 13,838 கோடி முட்டை. தலைக்கு 101. நம் பங்கு 101ஐத் தாண்டியிருந்தால், யாரோ ஒருவருடைய பங்கையும் சேர்த்துச் சாப்பிடுகிறோம் என்று அர்த்தம்!