மாடவீதியும் சபா மேடையும்: தாழ்சுருதி நாகசுரத்தின் வரலாறு

திருவல்லிக்கேணி பார்த்தசாரதிப் பெருமாள் புறப்பாட்டில் திவ்வியப் பிரபந்த கோஷ்டி பெருமாளுக்கு முன்னும் வேத பாராயண கோஷ்டி பின்னும் செல்ல, அனைவருக்கும் முன்னே செல்லும் நாகசுரம் மாடவீதியின் கடைக்கோடி வரை கேட்டாக வேண்டியிருந்ததால், குறுகிய உடலும் நாலரை, ஐந்து கட்டைச் சுருதியும் கொண்ட திமிரி என்னும் வகையே இத்தகைய ஊர்வலங்களுக்கு ஏற்றதாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் இதே பகுதியில் பார்த்தசாரதி சுவாமி சபா தோன்றி, சுவர்களுக்குள் அமர்ந்து கேட்கும் வழக்கம் சென்னையில் வேரூன்றியபோது, வீதிக்கு அணியாக இருந்த அந்த உரத்த ஒலி அரங்கில் செவியை உறுத்துவதாயிற்று.

இதற்கு விடையாக அமைந்தது பாரி நாகசுரம். மூன்றடியை நெருங்கும் நீளமும் இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியும் உடைய இக்கருவியின் பெருமை முழுவதையும் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) மேதைமைக்கே உரித்தாக்குவது வழக்கம். ஆனால் சுத்த மத்திமம் பிசகாமல் ஒலிக்கும்படி ஆச்சா மரத்தைக் கடைந்து துளையிட்ட நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரியின் கைத்திறன் இல்லையேல், அவருடைய தோடி அந்த உருவத்தில் நமக்குக் கிடைத்திருக்காது. சுருதி கொடுக்கும் ஒத்துக்குப் பதிலாகத் தம்பூராவை ராஜரத்தினம் பிள்ளை வைத்துக்கொண்டதும் அரங்கின் தேவையை உணர்ந்த செயலே.

மேலைநாட்டில் தாழ்சுருதிக் கருவியின் போக்கு வேறு. பெர்லினில் 1835இல் வீப்ரெக்ட்டும் மோரிட்சும் காப்புரிமை பெற்ற டியூபா என்னும் பெரும் பித்தளைக் குழல், பிறர் இசைக்கு அடித்தளமாகவே நெடுங்காலம் ஒலித்து, 1954இல் வான் வில்லியம்ஸ் இயற்றிய கான்செர்ட்டோவில்தான், அதாவது வாத்தியக் குழுவுடன் ஒருவர் தனித்து வாசிக்கும் நெடும்படைப்பில்தான், தன் பாடும் திறத்தைப் பரவலாக நிலைநாட்டியது. நாகசுரமோ இராகத்தை விரித்துப் பாடுவதில் முன்பே முதிர்ந்திருந்தது. அது தாழ்த்திக்கொண்டது சுருதியை மட்டுமே.

வளரும் மாணவன் உருக்கமான தனிவாசிப்புக்கு ஆயத்தமாகும் முறையில் மட்டும் இவ்விரு மரபுகளும் வியக்கத்தக்க வகையில் ஒன்றுபடுகின்றன. டியூபா மாணவர்கள் போர்டோனி என்பார் பாடகர்களுக்காக எழுதிய குரற்பயிற்சிகளைக் குழலில் பயில்வது போல, நாகசுர மாணவனும் வாய்ப்பாட்டை முதலில் கற்று, சாகித்தியத்தின் சொற்கள் எங்கே பிரிகின்றன என்று தெரிந்துகொண்ட பிறகே மூச்சை எங்கே எடுப்பது என்று தீர்மானிக்கிறான். சீவாளி என்னும் நாணல் ஊதுவாயை நாவால் தட்டி ஊதும் துத்துகாரத்தைக் குறைத்து, தட்டாமல் மூச்சை ஒழுகவிடும் அகாரத்தை வளர்ப்பதே அவனுடைய நெடுநாள் சாதகம். அத்துடன், பாரியில் துளைகளின் இடைவெளி திமிரியைவிட அகன்றிருப்பதால், துளையைப் பாதி மூடியும் மூச்சின் அழுத்தத்தை மாற்றியும் கமகத்தை வருவிக்கும் விரல்களை அவன் புதிதாகப் பழக்க வேண்டியிருக்கிறது. சீவாளியும் ஈரத்திற்கேற்ப இளகியும் இறுகியும் மாறுவதால், வாசிப்புக்கு முன் அதைப் பதப்படுத்துவது இராகப் பயிற்சிக்கு இணையான வேலையாகவே கருதப்படுகிறது.