தேனி மாவட்டக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள்

கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் என்பவை, பிரமலைக் கள்ளர் சமூகத்தினர் மிகுதியாக வாழும் ஊர்களில் தமிழ்நாடு அரசு நடத்திவரும் பள்ளிகளாகும். மதுரை, தேனி, திண்டுக்கல் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 300 பள்ளிகள் உள்ளன. கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர்கள் பலவற்றில் ஏழைப் பிள்ளைகள் முதன்முதலாக எழுத்தறிந்தது இப்பள்ளிகளில்தான்.

பின்னணி

ஆங்கிலேய அரசு 1871-இல் வட இந்தியாவில் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர்கள் அதன்கீழ் கொண்டுவரப்பட்டனர். தனிமனிதர் குற்றம் செய்தாரா என்று பார்க்காமல், பிறப்பை வைத்தே ஆண்களிடம் கைரேகை பெறப்பட்டது. பலர் இரவில் காவல் நிலையத்தில் படுக்க வேண்டியிருந்தது. வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். மக்கள் இதனை 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தனர்.

இன்றைய தேனி மாவட்டம் அக்காலத்தில் மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அம்மாவட்டத்தில் உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் கைரேகை வைக்க மறுத்தனர். 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தனர். மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் இச்சமூகத்துக்காக வாதாடினார். மக்கள் அவரை அன்போடு 'ரோசாப்பூ துரை' என்றனர்.

பள்ளிகளின் தோற்றம்

அடக்குமுறையோடு, 'கள்ளர் சீரமைப்பு' என்ற திட்டத்தையும் அரசு 1920-களில் நடத்தியது. கூட்டுறவுச் சங்கம், விடுதி, பள்ளி ஆகியவை அதில் அடங்கும். திட்டம் காவல்துறையின் மேற்பார்வையில் இருந்தது. தந்தை ரேகை வைக்கச் சென்ற இடத்தையும், மகன் எழுதப் பழகிய இடத்தையும் கண்காணித்தது ஒரே துறை. ஆனாலும் மக்கள் பள்ளியைத் தமதாக்கிக்கொண்டனர். ரேகை வைத்தவரின் பிள்ளைகள் கையெழுத்திடக் கற்றனர். பின்னர் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் உயர்ந்தனர்.

விடுதலைக்குப் பின்

சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் நீக்கப்பட்டது, பள்ளிகள் தொடர்ந்தன. சட்டத்திலிருந்து விடுபட்ட சமூகத்தினர் இன்று 'சீர்மரபினர்' எனப்படுகின்றனர். பள்ளிகள் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின்கீழ் வந்தன. எல்லாச் சமூகப் பிள்ளைகளும் அங்கு படிக்கின்றனர்.

பல்வேறு துறைகள் நடத்தும் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித்துறையுடன் இணைப்பதாகத் தமிழ்நாடு அரசு 2023-இல் அறிவித்தது. பொது நிர்வாகத்தால் வசதிகள் பெருகும் என்பது ஒரு கருத்து. போராட்டத்தின் நினைவும் தனி உரிமைகளும் மறையும் என்பது மற்றொரு கருத்து. எத்துறை நடத்தினாலும், பழைய சேர்க்கைப் பதிவேடுகளைக் காப்பது இன்றியமையாதது. ஒரு குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கு வந்தவர் யார் என்பதை அறிய அவையே சான்று.