நாய்வாரின் வரலாறு

மனிதன் பழக்கிய விலங்குகளுள் மூத்தது நாய். ஆவும் ஆடும் தொழுவம் புகுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகட்கு முன்னரே அது அவனுடன் வேட்டைக்குச் சென்றது. அதனைக் கையில் பிடித்து நடத்திய வார் எப்பொழுது தோன்றியது என்பதற்குச் சான்று அரிது. தோலும் நாரும் மண்ணில் மட்கிப்போவன. பாறை மட்காது. சவூதி அரேபியாவின் வடமேற்கில் சுவைமிஸ், ஜுப்பா என்னும் இடங்களிலுள்ள பாறைச் செதுக்கல்களில், வில்லேந்திய வேடரைச் சூழ்ந்து நாய்க்கூட்டம் நிற்கிறது. சில நாய்களின் கழுத்திலிருந்து ஒரு கோடு வேடனின் இடுப்புவரை செல்கிறது. 2017இல் வெளிவந்த ஆய்வொன்று, இவை எண்ணாயிரம் ஆண்டுகட்கும் முற்பட்டனவாகலாம் எனக் கணித்தது. அக்கோடு மெய்யான கயிறோ, வேடனுக்கும் நாய்க்கும் உள்ள பிணைப்பைக் காட்டும் குறியோ என்பதில் ஐயம் உண்டு. கயிறே எனின், இடுப்பில் கட்டியது பொருத்தமே. வில் வளைக்க இரு கையும் வேண்டுமன்றோ?

நினிவே நகரத்து அரண்மனைச் சுவர்ச் சிற்பங்களில், கி.மு. 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட அசுர்பானிபாலின் ஏவலர் பருத்த வேட்டைநாய்களை வார்கொண்டு இழுத்துப் பிடிக்கும் காட்சி உண்டு. நாயின் வலிமையும் ஆளின் வலிமையும் ஒரு கயிற்றில் மோதுவதைச் சிற்பி நன்கு கண்டிருக்கிறான்.

ஆனால், எவ்வகை வார் நல்லது என்று எழுதி வைத்தவர் கிரேக்கரே. சாக்ரட்டீசின் மாணாக்கரான செனோபன், வேட்டையைப் பற்றிய தம் நூலில் இதற்கெனச் சில வரிகள் ஒதுக்கினார். கழுத்துப்பட்டை அகலமாகவும் மென்மையாகவும் இருத்தல் வேண்டும். இன்றேல் மயிர் தேயும். வாரின் நுனியில் கை நுழைக்கும் வளையம் ஒன்று போதும், வேறெதுவும் வேண்டா. பட்டையையும் வாரையும் ஒரே தோலில் சேர்த்துச் செய்வோர் நாயைச் செவ்வையாகக் காக்கமாட்டார் என்பதும் அவர் கருத்து. போர்க்களத்தில் படை நடத்திய ஒருவர் நாயின் மயிர் தேய்வதற்குக் கவலைப்பட்டது வியப்பன்று. கருவியின் சிறு குறையால் வரும் கேட்டை அறிந்தவர் அவர்.

கழற்ற இயலாத கட்டு என்ன செய்யும் என்பதற்குப் பாம்பேயி நகரம் கொடிய சான்று. கி.பி. 79இல் வெசூவியசு எரிமலை வெடித்தபோது, ஒரு வீட்டு வாயிலில் காவல்நாய் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தது. வீட்டார் ஓடினர், நாயை அவிழ்ப்பார் இல்லை. எரிகற்கள் குவியக் குவிய அது மேலேறியதென்றும், சங்கிலியின் நீளம் முடிந்த இடத்தில் மாண்டதென்றும் ஆய்வாளர் கூறுவர். 1874இல் அதன் உடல் விட்டுச்சென்ற வெற்றிடத்தில் சுண்ணக்குழம்பு ஊற்றி வார்ப்பு எடுத்தனர். கால்களை மேலே தூக்கி முறுக்கிக் கிடக்கும் அவ்வுருவின் கழுத்தில் பட்டை இன்னும் தெரிகிறது. அதே நகரின் வேறொரு வாயிலில், நாய் உண்டு, கவனம் என்று எச்சரிக்கும் கல்லோவியத்திலும் சங்கிலி உண்டு. எச்சரிக்கை வருவோருக்கு, நாய்க்கு அன்று.

தமிழர்க்கும் இக்காட்சி புதிதன்று. சங்கிலியைத் ‘தொடர்’ என்றும் நாயை ‘ஞமலி’ என்றும் சங்கத்தார் வழங்கினர். புறநானூற்றின் 74ஆம் பாட்டைப் பாடிய சேரமான் கணைக்கால் இரும்பொறை, சோழன் செங்கணானிடம் சிறைப்பட்டு, கேட்ட நீர் காலந்தாழ்ந்து வரவே, அதனை உண்ணாது உயிர் துறந்தான் என்பது பாட்டின் அடிக்குறிப்பு. தன் நிலைக்கு அவன் கண்ட உவமை, தொடரில் கட்டுண்ட நாய். கட்டின் துன்பத்தைக் கண்டறிந்தவனுக்கே அவ்வுவமை வாய்க்கும்.

வேட்டை ஒழிந்து நாய் நகரத் தெருவுக்கு வந்தபின், வார் காவற்கருவி ஆயிற்று. வண்டிகளிடமிருந்து நாயைக் காப்பதும் நாயிடமிருந்து வழிப்போக்கரைக் காப்பதும் அதன் வேலை. கழுத்தில் அழுத்தும் பட்டை கண்ணின் உள்ளழுத்தத்தை உயர்த்துகிறது என்றும், மார்பைச் சூழும் கச்சு அவ்வாறு செய்வதில்லை என்றும் 2006இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. பெட்டிக்குள் சுருண்டு நீளும் மெல்லிய கயிறோ 20ஆம் நூற்றாண்டின் ஆக்கம். நாய் திடுமெனப் பாயும்போது அதனை வெறுங்கையால் பற்றியோர்க்குத் தோல் எரிந்ததும், விரலில் சுற்றியோர்க்கு விரல் அறுந்ததும் உண்டு.