செப்டம்பர் 11 நினைவு நாள் (ஐக்கிய அமெரிக்கா)

செப்டம்பர் 11 நினைவு நாள் என்பது 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11 அன்று ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த தாக்குதல்களில் உயிரிழந்தோரின் நினைவாக அந்நாட்டில் ஆண்டுதோறும் கடைப்பிடிக்கப்படும் நாளாகும். சட்டப்படி இதன் பெயர் பேட்ரியட் டே, அதாவது நாட்டுப்பற்றாளர் நாள் என்பதாகும். 2009ஆம் ஆண்டு முதல் இது தேசியத் தொண்டு மற்றும் நினைவு நாளாகவும் விளங்குகின்றது. இந்நாளில் அரசு விடுமுறை இல்லை. அலுவலகங்களும் பள்ளிகளும் வழக்கம் போல் இயங்கும்.

தாக்குதல்களைத் தொடர்ந்து ஆப்கானித்தானிலும் ஈராக்கிலும் நீண்ட போர்கள் நடைபெற்றன. ஆகையால் இறந்த குடிமக்களை நினைவுகூர்வதுடன், அப்போர்களில் பணியாற்றித் திரும்பிய முன்னாள் படைவீரர்களுக்கு மதிப்பளிப்பதும் உதவுவதும் காலப்போக்கில் இந்நாளுடன் இணைந்துவிட்டன.

பெயர்க் குழப்பம்

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஏப்ரல் மாதத்தின் மூன்றாம் திங்கட்கிழமையில் கொண்டாடப்படும் பேட்ரியட்ஸ் டே இதனின்றும் வேறானது. அது 1775இல் லெக்சிங்டன், கான்கார்டு ஆகிய இடங்களில் நடைபெற்ற சண்டைகளைக் குறிக்கும். போரில் மாண்ட படைவீரர்களுக்கான மெமோரியல் டே மே மாத இறுதித் திங்கட்கிழமையிலும், முன்னாள் படைவீரர் அனைவருக்குமான வெட்டரன்ஸ் டே நவம்பர் 11 அன்றும் வருகின்றன. இவ்விரண்டும் அரசு விடுமுறை நாட்கள்.

பின்னணி

2001 செப்டம்பர் 11 காலை அல் காயிதா அமைப்பைச் சேர்ந்த 19 பேர் நான்கு பயணிகள் வானூர்திகளைக் கடத்தினர். முதல் வானூர்தி காலை 8:46 மணிக்கு நியூயார்க் உலக வணிக மையத்தின் வடக்குக் கோபுரத்திலும், இரண்டாவது 9:03 மணிக்குத் தெற்குக் கோபுரத்திலும் மோதின. மூன்றாவது வானூர்தி 9:37 மணிக்குப் பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகனைத் தாக்கியது. நான்காவது வானூர்தியில் பயணிகள் கடத்தல்காரரை எதிர்த்துப் போராடினர். அது 10:03 மணிக்குப் பென்சில்வேனியாவில் ஒரு வயல்வெளியில் விழுந்தது. தெற்குக் கோபுரம் 9:59 மணிக்கும் வடக்குக் கோபுரம் 10:28 மணிக்கும் இடிந்து வீழ்ந்தன.

கடத்தல்காரர் நீங்கலாக 2,977 பேர் உயிரிழந்தனர். இவர்களுள் 2,753 பேர் நியூயார்க்கிலும், 184 பேர் பென்டகனிலும், 40 பேர் பென்சில்வேனியாவிலும் மாண்டவர்கள். நியூயார்க் தீயணைப்புத் துறை மட்டும் 343 பேரை இழந்தது. பென்டகன் கட்டடத்துக்குள் இறந்த 125 பேரில் 55 பேர் படைத்துறையினர்.

மீட்புப் பணியில் முன்னாள் படைவீரர்கள்

தாக்குதல் நடந்த அன்றே முன்னாள் படைவீரர் சிலரின் பணி குறிப்பிடத்தக்கதாக இருந்தது. வியட்நாம் போரில் பங்கேற்ற ரிக் ரெஸ்கோர்லா, தெற்குக் கோபுரத்தில் இயங்கிய மார்கன் ஸ்டான்லி நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவராக இருந்தார். 1993இல் அம்மையத்தில் குண்டு வெடித்த பின்னர் இவர் ஊழியர்களுக்கு வெளியேறும் பயிற்சியைத் தொடர்ந்து அளித்து வந்தார். இதன் பயனாக அந்நிறுவனத்தின் ஊழியர்களில் மிகப் பெரும்பாலோர் உயிர் தப்பினர். எஞ்சியோரைத் தேடி மீண்டும் மேலே சென்ற ரெஸ்கோர்லா கோபுரம் இடிந்தபோது உயிரிழந்தார்.

மரீன் படையில் முன்னர் பணியாற்றிய டேவிட் கார்ன்ஸ், ஜேசன் தாமஸ் ஆகிய இருவரும் எவரும் அழைக்காமலேயே தத்தம் சீருடையை அணிந்துகொண்டு இடிபாடுகளுக்குச் சென்றனர். முன்பின் அறிமுகமில்லாத இவ்விருவரும் அன்று மாலை அங்குச் சந்தித்து, இடிபாடுகளுக்குள் உயிருடன் சிக்கியிருந்த துறைமுக ஆணையக் காவலர் இருவரைக் கண்டறிந்தனர். கார்ன்ஸ் பின்னர் மீண்டும் படையில் சேர்ந்து ஈராக்கில் பணியாற்றினார்.

சட்டமும் அறிவிப்பும்

குடியரசுத் தலைவர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 2001 செப்டம்பர் 14ஐ வழிபாட்டுக்கும் நினைவுகூர்தலுக்கும் உரிய நாளாக அறிவித்தார். செப்டம்பர் 11ஐ ஆண்டுதோறும் கடைப்பிடிப்பதற்கான தீர்மானம் கீழவையில் எதிர்ப்பு வாக்கு எதுவுமின்றி நிறைவேறியது. மேலவையும் ஏற்றபின், புஷ் 2001 டிசம்பர் 18 அன்று கையொப்பமிட அது சட்டமாயிற்று. 2009 ஏப்ரல் 21 அன்று பராக் ஒபாமா கையொப்பமிட்ட எட்வர்ட் கென்னடி தொண்டுச் சட்டம் இந்நாளைத் தொண்டு நாளாகவும் ஏற்றது.

கடைப்பிடிக்கும் முறை

இந்நாளில் நாடெங்கும் கொடிகள் அரைக்கம்பத்தில் பறக்கவிடப்படுகின்றன. முதல் வானூர்தி மோதிய காலை 8:46 மணிக்கு மௌனம் காக்கப்படுகின்றது. நியூயார்க்கில் நடைபெறும் நிகழ்வில் இறந்தோரின் பெயர்களை அவர்தம் குடும்பத்தினர் ஒவ்வொன்றாகப் படிக்கின்றனர். நான்கு மோதல்களையும் இரு கோபுரங்களின் வீழ்ச்சியையும் குறிக்க ஆறு முறை வாசிப்பு நிறுத்தப்பட்டு மௌனம் காக்கப்படுகின்றது. இரவில் 88 ஒளிவிளக்குகளைக் கொண்டு இரு கோபுரங்களைப் போன்ற ஒளித்தூண்கள் வானில் எழுப்பப்படுகின்றன.

தொண்டு நாள் என்ற வகையில் உணவுப் பொட்டலம் கட்டுதல், குருதிக்கொடை, முன்னாள் படைவீரரின் வீடுகளைச் செப்பனிடுதல், பணியில் உள்ள வீரர்களுக்குப் பொருட்கள் அனுப்புதல் போன்ற பணிகளில் மக்கள் ஈடுபடுகின்றனர்.

நினைவிடங்கள்

நியூயார்க் நினைவிடம் 2011 செப்டம்பர் 11 அன்று திறந்து வைக்கப்பட்டது. கோபுரங்கள் நின்ற இடங்களில் இரு பெரிய நீர்த்தடாகங்கள் அமைக்கப்பட்டு, அவற்றைச் சுற்றியுள்ள வெண்கலப் பலகைகளில் 2,983 பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 1993 குண்டுவெடிப்பில் இறந்த அறுவரின் பெயர்களும் இவற்றுள் அடங்கும். ஒருவரின் பிறந்தநாளில் அவர் பெயரருகே வெள்ளை ரோசா வைப்பது வழக்கம்.

பென்டகன் நினைவிடம் 2008 செப்டம்பர் 11 அன்று திறக்கப்பட்டது. இங்கு இறந்தோர் ஒவ்வொருவருக்கும் ஓர் இருக்கை என 184 இருக்கைகள், அவர்கள் பிறந்த ஆண்டின் வரிசையில் அமைந்துள்ளன. கட்டடத்துக்குள் இறந்தவரின் பெயரைப் படிப்பவருக்கு எதிரே பென்டகன் தெரியும். வானூர்தியில் இறந்தவரின் பெயரைப் படிப்பவருக்கு வானம் தெரியும். பென்சில்வேனியாவில் 93 அடி உயரமுள்ள குரல்களின் கோபுரம் உள்ளது. காற்றில் ஒலிக்கும் அதன் 40 குழல்மணிகள் அங்கு இறந்த 40 பேரைக் குறிக்கும்.

உலக வணிக மையத்தின் இடிபாடுகளில் கிடைத்த எஃகில் ஏழரை டன் உருக்கப்பட்டு யூ.எஸ்.எஸ். நியூயார்க் என்ற போர்க்கப்பலின் முன்பகுதியில் சேர்க்கப்பட்டது. இக்கப்பல் 2009 நவம்பரில் கடற்படையில் இணைந்தது.

தொடர்ந்த போர்கள்

ஆப்கானித்தான் போர் 2001 அக்டோபர் 7 அன்று தொடங்கி 2021 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்கப் படைகள் முற்றிலும் வெளியேறியதுடன் முடிந்தது. ஈராக் மீதான படையெடுப்பு 2003 மார்ச்சில் தொடங்கியது. ஆப்கானித்தானில் 2,400க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரும், ஈராக்கில் 4,400க்கும் மேற்பட்டோரும் உயிரிழந்தனர். அந்நாடுகளின் குடிமக்கள் இதனினும் பன்மடங்கு எண்ணிக்கையில் மாண்டனர்.

2021 ஆகஸ்ட் 26 அன்று காபூல் வானூர்தி நிலைய வாயிலில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் அமெரிக்கப் படையினர் 13 பேர் இறந்தனர். அவர்களுள் ஐவருக்கு வயது 20. செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தபோது கைக்குழந்தைகளாக இருந்தவர்கள் அதன் தொடர்ச்சியான போரில் உயிர்நீத்தனர்.

முன்னாள் படைவீரர்களுக்கான உதவி

கல்வி

2008 சூன் 30 அன்று நிறைவேறிய செப்டம்பர் 11க்குப் பிந்தைய ஜி.ஐ. சட்டம், 2001 செப்டம்பர் 10ஆம் நாளுக்குப் பின் குறைந்தது 90 நாட்கள் பணியாற்றியோருக்குக் கல்வி உதவி அளிக்கின்றது. உதவியின் அளவு பணிக்காலத்தைப் பொறுத்தது. 36 மாதங்கள் பணியாற்றியவர் முழு உதவி பெறுவார். கல்விக் கட்டணம், வீட்டு வாடகைப்படி, நூல்களுக்கான தொகை ஆகியவை பொதுவாக 36 மாதங்கள் வரை வழங்கப்படுகின்றன. உரிய நிபந்தனைகளை நிறைவேற்றுவோர் இவ்வுரிமையைத் துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ மாற்றித் தரலாம்.

நச்சுப்புகையால் வந்த நோய்கள்

கோபுரங்கள் இடிந்தபோது எழுந்த தூசியைச் சுவாசித்த மீட்புப் பணியாளர் பலர் பின்னாளில் புற்றுநோய், நுரையீரல் நோய் ஆகியவற்றுக்கு ஆளாயினர். தாக்குதல் நடந்த ஒரு வாரத்தில் காற்று பாதுகாப்பானது என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவித்திருந்தது; அவ்வாறு கூறுவதற்குப் போதிய தரவுகள் அப்போது இருக்கவில்லை என்பதை அதன் தலைமை ஆய்வாளர் 2003இல் சுட்டிக்காட்டினார். இந்நோய்களால் இறந்த நியூயார்க் தீயணைப்பு வீரர்களின் எண்ணிக்கை 2023 செப்டம்பரில் 343ஐ எட்டியது. அதாவது, தாக்குதல் நாளில் இறந்த அளவுக்கே அதன் பின்விளைவாலும் இறந்திருந்தனர்.

போர்க்களத்திலும் இதையொத்த நிலை இருந்தது. ஈராக்கிலும் ஆப்கானித்தானிலும் இருந்த படைமுகாம்களில் நெகிழி, மருத்துவக் கழிவு, எரிபொருள் முதலியன பெரிய குழிகளில் இட்டு எரிக்கப்பட்டன. அப்புகையைச் சுவாசித்தோர் பின்னர் நோயுற்றபோது, நோய்க்குப் புகையே காரணம் என்பதைத் தாமே மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. பெரும்பாலான கோரிக்கைகள் நிராகரிக்கப்பட்டன.

மீட்புப் பணியாளருக்கான சட்டம் 2011 சனவரி 2 அன்று கையொப்பமிடப்பட்டது. அவர்களுக்கான இழப்பீட்டு நிதி 2019இல் 2092ஆம் ஆண்டு வரை நீட்டிக்கப்பட்டது. நகைச்சுவைக் கலைஞர் ஜான் ஸ்டூவர்ட் இதற்காக வாதாடியவர்களுள் ஒருவர். அவரும் மீட்புப் பணியாளர் சிலரும் பின்னர் முன்னாள் படைவீரருக்காகவும் குரல் கொடுத்தனர். 2022 ஆகஸ்ட் 10 அன்று நிறைவேறிய பேக்ட் சட்டம் 20க்கும் மேற்பட்ட நோய்நிலைகளைப் பணியால் வந்தவை என்று முன்னரே ஏற்றுக்கொள்கின்றது. எனவே மெய்ப்பிக்கும் சுமை வீரரிடமிருந்து பெருமளவு நீங்கியது.

உளநலம்

முன்னாள் படைவீரருள் தற்கொலை பெருஞ்சிக்கலாக உள்ளது. அரசின் அறிக்கைகளின்படி, அண்மைய ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 6,000க்கும் மேற்பட்டோர் இவ்வாறு இறந்துள்ளனர். 2007இல் தொடங்கப்பட்ட நெருக்கடி உதவித் தொலைபேசிச் சேவையை, 2022 முதல் 988 என்ற எண்ணை அழைத்து 1ஐ அழுத்திப் பெறலாம்.

தொண்டு அமைப்புகள்

நியூயார்க் தீயணைப்பு வீரர் ஸ்டீவன் சில்லர், தாக்குதல் நாளில் சுரங்கச்சாலை மூடப்பட்டிருந்ததால் தம் கருவிகளைச் சுமந்துகொண்டு அதனூடே ஓடி உலக வணிக மையத்தை அடைந்து அங்கு உயிரிழந்தார். அவரது குடும்பத்தினர் தொடங்கிய டனல் டு டவர்ஸ் அறக்கட்டளை, அவர் ஓடிய வழியில் ஆண்டுதோறும் ஓட்டம் நடத்தி நிதி திரட்டுகின்றது. கடுமையாகக் காயமுற்ற வீரர்களுக்குச் சக்கர நாற்காலியில் இருந்தே புழங்கத்தக்க வீடுகளை இவ்வமைப்பு கட்டித் தருகின்றது. 2003இல் தொடங்கப்பட்ட வூண்டட் வாரியர் புராஜெக்ட் காயமுற்ற வீரர்களுக்குச் சேவை புரிகின்றது.

விமர்சனங்கள்

குடிமக்களின் இறப்பை நினைக்கும் நாளைப் படைத்துறையுடன் இணைப்பது போரை நியாயப்படுத்திவிடும் என்பது ஒரு தரப்பினரின் கருத்து. செப்டம்பர் 11 குறித்து விசாரித்த ஆணையம், அல் காயிதாவும் ஈராக்கும் கூட்டாகச் செயல்பட்டதற்குச் சான்று காணவில்லை என்று 2004இல் தெரிவித்ததை இவர்கள் எடுத்துக்காட்டுவர். போரை எதிர்ப்பது வேறு, போருக்கு அனுப்பப்பட்டவருக்கு மருத்துவமும் கல்வியும் அளிக்கும் கடமை வேறு என்பது மற்றொரு தரப்பினரின் கருத்து. உதவிச் சட்டங்கள் பல ஆண்டுகள் தாமதமாகவே நிறைவேறின என்பதை இரு தரப்பினரும் குறை கூறுகின்றனர்.

இவற்றையும் பார்க்கவும்

செப்டம்பர் 11, 2001 தாக்குதல்கள்
ஆப்கானித்தான் போர் (2001–2021)
ஈராக் போர்
உலக வணிக மையம்