நவாலியூர் தந்த தங்கத் தாத்தா

இளமையிலே பாட்டெழுதத் தொடங்குவோர் பலர். நரை கண்ட பின்னும் எழுதுகோலைக் கீழே வையாதோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவரை ஈன்ற பெருமை யாழ்ப்பாணத்து நவாலியூருக்கு உண்டு. அவரே சோமசுந்தரப் புலவர்.

1878ஆம் ஆண்டிலே பிறந்த புலவரவர்கள் வட்டுக்கோட்டையிலே நெடுங்காலம் ஆசிரியராய் இருந்தார். கவிதைக்காகத் தொழிலைத் துறந்தாரல்லர். தொழிலுக்காகக் கவிதையை மறந்தாருமல்லர். நாள்தோறும் பிள்ளைகளோடு பழகிய பழக்கமே அவர்தம் பாட்டுக்கு உரமாயிற்று என்று நாம் கருதுகின்றோம்.

அட்டகிரி முருகன்மீது அவர் கலம்பகம் பாடினார். பலவகைப் பாவும் பாவினமும் விரவி வரும் கலம்பகத்தை, யாப்பிலக்கணம் நன்கு கல்லாதார் தொடவும் அஞ்சுவர். பனையின் பயனைத் ‘தாலவிலாச’மாகவும், நாட்டின் சிறப்பை ‘இலங்கை வள’மாகவும் பாடியவரும் அவரே.

இத்துணைப் புலமை வாய்ந்தவர் சிறுவருக்காகவும் பாடினார் என்பதே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. கலம்பகம் பாடிய நாவே கத்தரித் தோட்டத்து வெருளியையும் பாடிற்று. ஆடிப்பிறப்பன்று வீடுதோறும் மணக்கும் கூழையும் கொழுக்கட்டையையும் பாடிற்று. எளிமை எளிதில் வருவதன்று. அருஞ்சொற்களை நிரம்பக் கற்றவரே, அவற்றை எவ்விடத்து விலக்கவேண்டும் என்பதையும் அறிவர். ‘தங்கத் தாத்தா’ என்னும் பெயரை அவருக்குத் தேடித் தந்தவை அச்சிறு பாட்டுக்களே. அவர்தம் மைந்தர் இளமுருகனாரும் தந்தை வழியிலே புலவராய் விளங்கினார்.

1953ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, ஆடிப்பிறப்புக்குச் சில நாள் முன்னதாகப் புலவர் மறைந்தார். 1955இல் அவர்தம் பிள்ளைப் பாடல்கள் ‘சிறுவர் செந்தமிழ்’ என்னும் நூலாயின. ஆடிப்பிறப்பு வருந்தோறும் அவர் பாட்டு நம் சிறுவர் வாயிலே பிறந்துகொண்டேயிருக்கின்றது.

இளைஞர்காள்! முதற்பாட்டுக்குப் புகழ் வரவில்லையென்று சோர்வடையாதீர்கள். இலக்கணத்தைக் கற்று, கண்முன்னுள்ள மண்ணையும் மக்களையும் நோக்கி, நாளும் எழுதிப் பழகுங்கள். பெரியோர்களே! பிள்ளையொன்று பாட்டெழுதி நீட்டினால், “படிப்புக் கெட்டுவிடும்” என்று கடியாது, ஒருமுறை இருந்து கேளுங்கள். ஒரு நாட்டின் கவிதை அவ்வாறு செவிகொடுப்பார் முன்னிலையிலேயே வளர்கின்றது.