இரு கடல்களுக்கு நடுவே ஓர் இருப்புப்பாதை

ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றாலும் இராஜபாளையத்தில் நின்றாலும் நம் கண்ணுக்குத் தெரிவது மேற்குத் தொடர்ச்சி மலை, கடல் அன்று. ஆயினும் இவ்விரு ஊர்களின் வழியே செல்லும் இருப்புப்பாதை இரு கடற்கரைகளை இணைத்த பாதை என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876இல் ரயில் வந்தது. மலையைக் குடைந்து கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைத்த பாதை 1904இல் நிறைவுற்றது. விருதுநகரையும் தென்காசியையும் சேர்க்கும் நம் பாதை 1927இல் திறக்கப்பட்டபோது, மேற்கே அரபிக்கடலும் கிழக்கே மன்னார் வளைகுடாவும் நம் ஊர் மக்களுக்கு ரயிலேறிச் சேரும் தொலைவுக்கு வந்துவிட்டன.

கரை வரை ரயில் வந்தது. கரைக்கு அப்பால் செல்லும் கப்பல் யாருடையது? அந்நாளில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கப்பல் போக்குவரத்து ஆங்கிலேய நிறுவனத்தின் கையில் இருந்தது. அதை எதிர்த்து 1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். மூலதனம் பத்து இலட்சம் ரூபாய், பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய், பங்குகள் 40,000. பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். அச்சங்கத்திற்கு 8,000 பங்குகளை வாங்கி இரண்டு இலட்சம் ரூபாய் அளித்தவர் ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் முஸ்லிம் வணிகர். இந்தியர் மட்டுமன்றி இலங்கையரும் பிற ஆசிய நாட்டவரும் பங்கு பெறலாம் என்பது அதன் விதி. கடலைப் பகிர்ந்துகொள்ளும் மக்கள் கப்பலையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம், நாடுகளின் கூட்டமைப்புகள் தோன்றுவதற்குப் பல்லாண்டுகள் முன்பே நம் கரையில் செயல்வடிவம் பெற்றது. கட்டணப் போட்டியும், 1908இல் வ.உ.சி. சிறைப்பட்டதும் சங்கத்தை நலிவித்தன. 1911இல் அது கலைக்கப்பட்டது.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடலை நீராவிக் கப்பல்கள் கடந்தன. சென்னையில் ஒரே சீட்டு வாங்கியவர் ரயிலேறி, கப்பலேறி, மீண்டும் ரயிலேறிக் கொழும்பில் இறங்கினார். ‘போட் மெயில்’ என்ற பெயர் இன்றும் நம் முதியவர்களின் நாவில் உண்டு. ஆனால் அவ்வழியே சென்றவர்கள் வணிகரும் உறவினரும் மட்டுமல்லர். தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்ட ஏழைத் தொழிலாளரும் மண்டபம் முகாமில் அடைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, அதே கப்பலில் ஏற்றப்பட்டனர். இரு கரையும் ஒரே பேரரசின் கீழ் இருந்தமையால் பாதை தடையின்றி ஓடியது. அப்பாதையில் சென்ற உழைப்பாளிக்கோ அதில் சொல்லும் இல்லை, பங்கும் இல்லை.

அதன் விளைவைப் பின்வந்த தலைமுறை கண்டது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என வகுத்தது. இரு மாதங்கள் நிறைவதற்குள், டிசம்பர் 22ஆம் நாள் இரவில், புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு ஒரு ரயிலும் அலைக்கு இரையானது. பாம்பன் பாலம் 46 நாட்களில் சீரமைக்கப்பட்டது. தனுஷ்கோடித் துறையோ மீண்டும் எழவே இல்லை. கப்பல் இராமேசுவரத்திற்கு மாறிச் சில காலம் ஓடியது. தாயகம் திரும்பியோர் பலர் அதில்தான் வந்திறங்கினர். 1980களில் இலங்கையில் போர் மூண்டதும் அதுவும் நின்றது. 46 நாட்களில் ஒரு பாலத்தைச் சீர்செய்ய முடிந்த நமக்கு, ஒரு கடல்வழியை மீட்கப் பல பதிற்றாண்டுகள் போதவில்லை. 2023 அக்டோபரில்தான் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணியர் கப்பல் புறப்பட்டது.

இன்று கடலைக் கடக்கக் காத்திருப்பது மின்சாரமும் ஆகும். நூற்பாலைகளால் வளர்ந்த இராஜபாளையத்திற்கு மின்சாரத்தின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. மின்வெட்டு வந்தால் கதிர்கள் நிற்கும்; கதிர்கள் நின்றால் கூலி நிற்கும். 2022இல் இலங்கை மக்கள் ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் வரை இருளில் இருந்தனர். அதே கடலின் இக்கரையில், ஆடிக் காற்றில் நம் காற்றாலைகள் சுழல்கின்றன. ஒரு கரையில் மிகும் மின்சாரம் மறு கரையின் குறையை நிரப்பலாம். இவ்வாறு மின்கட்டமைப்புகளை இணைப்பதற்கான ஆய்வுக்கு 2010இல் இரு நாடுகளும் உடன்பட்டன. 2018இல் வங்காள விரிகுடா நாடுகளின் ‘பிம்ஸ்டெக்’ கூட்டமைப்பும் மின்னிணைப்புக்கான புரிந்துணர்வில் கையெழுத்திட்டது. 2025 ஏப்ரலில் இந்தியாவும் இலங்கையும் மற்றொரு புரிந்துணர்வைச் செய்துகொண்டன. சுவீடன் தன் கோட்லாந்து தீவுக்குக் கடலடிக் கம்பி வழியே மின்சாரம் அனுப்பத் தொடங்கியது 1954இல்! ஆகவே தடை தொழில்நுட்பத்தில் இல்லை, நம்பிக்கையில் இருக்கிறது.

அந்நம்பிக்கை எங்கிருந்து பிறக்கும்? மன்னார்த் தீவில் காற்றாலைகளை எதிர்த்து ஊர்மக்கள் குரல் எழுப்பியுள்ளனர். கரையில் வாழ்வோரைக் கேளாமல் போடப்படும் திட்டம், மண்டபம் முகாமின் பழைய முறையையே வேறு வடிவில் தொடரும். பங்காளிக்குத் துரோகம் செய்யாதிருத்தலும், உழைப்பாளியின் கூலியைத் தாமதியாமல் கொடுத்தலும், ஒப்பந்தத்தை அமானிதமாகப் பேணுதலும் நம் மார்க்கம் வணிகத்திற்கு வகுத்த ஒழுக்கங்கள். இரு அரசுகளுக்கு இடையிலான ஒப்பந்தத்தையும் நாம் இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

ஹாஜி பக்கீர் சேட் வாங்கிய பங்குகள் அவருக்கு இலாபம் தரவில்லை. ஆனால் கடல் எவருடையது என்ற கேள்விக்கு அவை ஒரு விடை தந்தன. அடுத்த முறை நம் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருக்கையில் அவ்விடையைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம். நாளை அக்கடலைக் கடக்கும் கப்பலிலும் கம்பியிலும் எளியவருக்கும் பங்கு இருக்க வேண்டும் என்று கேட்கும் தலைமுறையாக, இறைவன் நாடினால், அவர்கள் வளர்வார்கள்.